மார்ச் 31க்கு முன் வரிக் கணக்கைச் சரிக்கட்டுவது எப்படி: வன்னியில் கடை, ஆலை, வைப்புப் பணம் வைத்திருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடிகிறது. வன்னியில் வியாபாரம் செய்பவருக்கு இதைவிட நெருக்கடியான நேரம் வேறு இல்லை. காலபோக அறுவடை முடிந்து ஆலைக்காரர் நெல் வாங்கிக் குவிக்கிற காலம் அது, கடைக்காரர் சித்திரைப் புத்தாண்டுக்குச் சரக்கு இறக்குகிற காலமும் அதுதான். கையில் காசு ஓடுகிறது, ஒருவருக்கும் கொப்பி எழுத நேரமில்லை. அதனால்தான் நவம்பரில் வருமான வரி விபரத்திரட்டு கொடுக்கும்போது பலர் கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டுகிறார்கள், சிலர் கட்ட வேண்டியதைக் கட்டாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

வரித் திட்டமிடல் என்றதும் எதையாவது வாங்கிப் போட்டு வரியைக் குறைப்பது என்று நினைக்கிறவர்கள் அதிகம். வன்னியில் நான் பார்க்கிற கணக்குகளில் பணம் போகிற இடம் வேறு. உண்மையாகச் செலவழித்த காசுக்குத் துண்டு (பற்றுச்சீட்டு) இல்லை, மார்ச் 31இல் இருந்த சரக்கு எண்ணப்படவில்லை, வங்கி பிடித்த வரியைத் திரும்பக் கேட்கவில்லை. இந்த மூன்றையும் சரி செய்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கீழே உள்ள எண்கள் 2025/26 மதிப்பீட்டு ஆண்டுக்கானவை.

முதலில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

தனிநபருக்கான ஆண்டு நிவாரணம், அதாவது வரி போடாமல் விடுகிற வருமானம், 2025 ஏப்ரல் 1 முதல் 12 இலட்சத்தில் இருந்து 18 இலட்சமாகக் கூட்டப்பட்டது. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்து வரும் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 வீதம். மிச்சம் எல்லாவற்றுக்கும் 36 வீதம்.

வவுனியாவில் சொந்தப் பெயரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு ஆண்டு இலாபம் 32 இலட்சம் என்று வைப்போம். 18 இலட்சத்தைக் கழித்தால் 14 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, மீதி 4 இலட்சத்துக்கு 72,000, ஆக 132,000 ரூபா. கவனியுங்கள், கடைசி 4 இலட்சத்துக்கான வரி முதல் 10 இலட்சத்துக்கான வரியைவிடக் கூட. 6இல் இருந்து 18க்குத் தாவுகிற அந்தப் படிதான் சிறு வியாபாரிக்கு முக்கியமானது. உங்கள் இலாபம் 28 இலட்சத்துக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்று பெப்ரவரியிலேயே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே என்றால் சிக்கலான திட்டம் ஒன்றும் தேவையில்லை, கணக்கை ஒழுங்காக எழுதினால் போதும். நிறுவனமாகப் பதிந்து நடத்துவோருக்கு இந்தப் படிகள் கிடையாது, பொதுவாக 30 வீதம்தான். வேறு ஆட்கள் செய்கிறார்கள் என்பதற்காகச் சின்ன இலாபம் உள்ள கடையை நிறுவனமாக மாற்ற அவசரப்பட வேண்டாம்.

நெல்லுக்கு வரி இல்லைதானே என்று கிளிநொச்சிப் பக்கம் இன்னும் கேட்கிறார்கள். பதப்படுத்தாமல் விற்கும் விளைபொருளுக்கு 2019/20இல் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குத்தான் அந்த விலக்குத் தரப்பட்டது. இரணைமடுக் குளத்தின் கீழ் பத்து ஏக்கர் வயல் செய்து, கூடவே உழவு இயந்திரமும் வாடகைக்கு ஓட்டுகிறவர் இரண்டையும் சேர்த்து 18 இலட்சம் தாண்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தாண்டாவிட்டால் வரி இல்லை. ஆனால் தாண்டவில்லை என்று காட்ட விதைநெல், உரம், எண்ணெய், வெட்டுக்கூலி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

துண்டு இல்லாத செலவுக்குத் துண்டு உண்டாக்குங்கள்

இதுதான் அதிகம் வேலை உள்ள இடம். வருமானம் உழைக்கச் செய்த செலவைச் சட்டம் கழிக்க விடுகிறது. கேள்வி வந்தால் நிரூபிப்பதுதான் பிரச்சினை. கொழும்பு மொத்த வியாபாரி கொம்பியூட்டர் பில் தருவார். நெடுங்கேணியில் இருந்து நெல் கொண்டுவரும் விவசாயி என்ன பில் தருவார்?

நீங்களே எழுத வேண்டும். தொடர் இலக்கம் அடித்த கொள்வனவுத் துண்டுப் புத்தகம் ஒன்று அச்சடித்து வையுங்கள். திகதி, கொண்டுவந்தவரின் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், நெல்லின் இனம், மொத்த நிறை, ஈரத்துக்குக் கழித்தது, கிலோ விலை, கொடுத்த தொகை, அவருடைய கையொப்பம். ஈரத்துக்குக் கழித்ததை எழுதாமல் விடுகிறார்கள், பிறகு தராசுக் கொப்பியில் ஒரு நிறையும் காசுக் கொப்பியில் வேறு நிறையும் வந்து நிற்கும். இரண்டு கொப்பியும் ஒத்துப்போனால் விசாரணையில் பாதிக் கேள்விகள் எழாது. பெரிய தொகைகளை வங்கி வழியாக அனுப்புங்கள். விவசாயியிடமும் இப்போது வங்கிக் கணக்கு இருக்கிறது, அவரும் மறுக்கமாட்டார்.

ஏற்றி இறக்கும் கூலி, லொறி வாடகை, வெல்டிங் வேலை, தண்ணீர்ப் பம்பு திருத்தம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்: ஒரு கொடுப்பனவுத் துண்டு, ஒரு கையொப்பம். கடந்த மாதங்களுக்கு இப்போது இருந்து கற்பனையாக எழுதாதீர்கள். அது பொய்க் கணக்கு. ஆனால் உண்மையாகக் கொடுத்த ஆளிடம் போய், கொடுத்த தொகைக்கு இன்றைய திகதியில் உறுதிப்படுத்தி எழுதி வாங்குவதில் தவறில்லை, மார்ச் முடிவதற்குள் அதைச் செய்யுங்கள். பிறகு ஆள் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டிவரும்.

உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதமும் கட்ட வேண்டும். கட்டினால் உங்கள் பங்கு செலவாகிறது, அந்தப் பிள்ளைகளுக்கும் பிற்காலத்துக்கு ஒன்று சேர்கிறது. போருக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் ஒன்றும் இல்லாமல் திரும்பத் தொடங்கிய ஊர் இது. இந்த நிதியைக் கட்டாமல் விடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன்.

அடுத்தது வட்டி. நெல் வாங்கும் காலத்தில் வங்கிக் கடன் பத்தாமல் வீட்டு நகையை அடகு வைத்துக் காசு புரட்டுவது இங்கே வழக்கம். அந்தக் காசு வியாபாரத்துக்குத்தான் போனது என்று காட்ட முடிந்தால் அதன் வட்டியும் வியாபாரச் செலவே. காட்டுவது எப்படி? அடகு வைத்த அன்றே தொகையை வியாபாரக் கணக்கில் வைப்பிலிடுங்கள், அடகுச் சீட்டின் பிரதியை அந்த வைப்புத் துண்டோடு குத்தி வையுங்கள், மீட்கும்போது வட்டி தனியாகத் தெரிகிற பற்றுச்சீட்டை வாங்குங்கள். வங்கிக் கடன் என்றால் ஆண்டில் கட்டிய வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்று பிரித்த கடிதம் கேளுங்கள். முதலைத் திருப்பிக் கட்டுவது செலவாகாது. முழுத் தவணையையும் செலவில் போட்டிருக்கும் கணக்குகள் நிறைய வருகின்றன.

வெளிநாட்டில் இருந்து அண்ணனோ மகளோ அனுப்பும் பணமும் இங்கேதான் குழம்புகிறது. குடும்பத்துக்கு உதவியாக வருவது உங்கள் வியாபார வருமானம் அல்ல. ஆனால் அது கடைக் கணக்கில் விழுந்து விற்பனைக் காசோடு கலந்துவிட்டால் எது எது என்று பிரிப்பது பெரும்பாடு. தனிக் கணக்குக்கு எடுங்கள். அதில் இருந்து கடைக்குப் போடுகிற தொகையை முதலீடு என்று எழுதி, வங்கியின் வெளிநாட்டுப் பணப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

மார்ச் 31 மாலை: சரக்கை எண்ணுங்கள்

வாங்கிய சரக்கு முழுவதும் அந்த ஆண்டின் செலவு அல்ல. விற்ற சரக்கின் விலைதான் செலவு. மார்ச்சில் 40 இலட்சத்துக்கு நெல் வாங்கி, 31ஆம் திகதி அதில் 30 இலட்சத்துக்கு உரியது களஞ்சியத்தில் கிடந்தால், செலவு 10 இலட்சம்தான், மீதி அடுத்த ஆண்டுக்குப் போகிறது. ஆகவே இலாபத்தைக் குறைக்க மார்ச்சில் சரக்கை வாங்கிக் குவியுங்கள் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

எண்ணாமல் விடுவதில் நட்டம் இரண்டு பக்கமும் வரும். கூட எழுதினால் இல்லாத இலாபத்துக்கு வரி. குறைய எழுதினால் அடுத்த ஆண்டு தொடக்க இருப்பும் குறைந்து, அந்த ஆண்டின் இலாபம் ஊதிப்போகும், ஊதுகிற பகுதி 18 வீதப் படியில் போய் விழுந்தால் மிச்சம் பிடித்ததை மூன்று மடங்காகத் திருப்பிக் கட்டுவீர்கள்.

அன்று கடையை இரண்டு மணித்தியாலம் முந்திப் பூட்டுங்கள். ஒருவர் எண்ண, இன்னொருவர் எழுத வேண்டும், ஒரே ஆள் இரண்டையும் செய்யக்கூடாது. இறாக்கை இறாக்கையாகப் போங்கள், எண்ணி முடித்த இறாக்கையில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். விலை எழுதும்போது நீங்கள் வாங்கிய விலையை எழுதுங்கள், விற்கிற விலையை அல்ல. இந்தப் பிழை மிகச் சாதாரணமாக நடக்கிறது, ஏனென்றால் பொருளின் மேல் ஒட்டியிருப்பது விற்கிற விலை. ஆலையில் என்றால் மூட்டைகளை அடுக்கு அடுக்காக எண்ணி, இடையிடையே சில மூட்டைகளைத் தராசில் போட்டுச் சராசரி நிறை பாருங்கள். வண்டு விழுந்த அரிசி, கறள் பிடித்த கம்பி, திகதி கடந்த பால்மா, கட்டியான சீமெந்து எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கிப் படம் எடுங்கள். அடக்க விலைக்குக் கீழே போன சரக்கை அதன் இன்றைய பெறுமதிக்கே எழுதலாம். வன்னி வெக்கையிலும் மாரி ஈரத்திலும் பழுதாகிறது கொஞ்சம் நஞ்சம் அல்ல, அதை எழுதாமல் விடுவது உங்கள் காசை விடுவதுதான்.

கடையில் இருந்து வீட்டுக்கு எடுத்த அரிசி, சீனி, எண்ணெய்? அது வியாபாரச் செலவு அல்ல, சொந்தப் பாவனை. ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக் கழித்துவிடுங்கள்.

கடன் கொப்பியைத் திறக்கும் நேரம்

உரம், மருந்து, சீமெந்து விற்கிறவர்கள் அறுவடை வரை கடன் கொடுக்கிறார்கள். பெப்ரவரி, மார்ச்தான் அந்தக் காசு திரும்பிவருகிற காலம், ஆகவே முதலில் வசூலியுங்கள். வராது என்று உறுதியாகத் தெரிந்த கடனை அறவிட முடியாக் கடனாக எழுதித் தள்ளலாம். ஆனால் அந்த விற்பனையை முன்பே வருமானத்தில் காட்டியிருக்க வேண்டும், வசூலிக்க நியாயமான முயற்சி எடுத்ததற்கும் சான்று வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மத்தியஸ்த சபைக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, இப்படி ஏதாவது. ஊர் ஆளுக்குக் கடிதம் அனுப்பக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. மரியாதையாக எழுதுங்கள், நிலுவையை உறுதிப்படுத்தச் சொல்லி மட்டும் கேளுங்கள்.

இயந்திரமும் சோலாரும்

ஆலை இயந்திரம், சரக்கு லொறி, கொம்பியூட்டர், கடைத் தளபாடம் ஆகியவற்றின் விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 20 வீதம் மூலதனக் கழிவாகக் கிடைக்கும். கட்டடத்துக்கு 20 ஆண்டுகள். காருக்கு இது கிடைக்காது. மார்ச் 31க்கு முன் வாங்கியிருந்தால் போதாது, வியாபாரத்தில் பாவனைக்கும் வந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் கிடக்கிற இயந்திரம் கணக்கில் வராது.

மேலே சொன்ன 32 இலட்சம் இலாபக்காரர் 15 இலட்சத்துக்கு ஒரு இயந்திரம் வாங்கினால் 3 இலட்சம் கழிவு, அதன் மேல் 18 வீதம், இந்த ஆண்டு மிச்சம் 54,000 ரூபா. 54,000க்காக 15 இலட்சத்தைக் கையை விட்டு விடுவது வியாபாரமா? சித்திரைக்குப் பிறகு எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மார்ச்சுக்கு முந்தி எடுங்கள். இல்லையென்றால் காசைச் சரக்கில் சுழல விடுங்கள், லீசிங் எடுத்து வரி குறைக்கிற யோசனை வேண்டவே வேண்டாம்.

சோலார் வேறு கதை. தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கும் சூரிய மின்கலங்களை உங்கள் வளவில் பொருத்தினால், அந்தச் செலவில் ஆண்டுக்கு 6 இலட்சம் வரை தனிநபர் நிவாரணமாகக் கழிக்கலாம், மிச்சத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். வங்கிக் கடனில் பொருத்தியிருந்தால் கட்டிய தவணைக்கும் இது பொருந்தும். அதே ஆளுக்கு 14 இலட்சம் 8 இலட்சமாகக் குறைந்து வரி 48,000 ஆகிறது, 84,000 ரூபா மிச்சம். அதோடு மின்பட்டியலும் குறைகிறது. ஒரே செலவை நிவாரணமாகவும் ஆலைச் செலவாகவும் இரண்டு தடவை போடாதீர்கள். இணைப்புக் கிடைக்க நாள் எடுக்கும், மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கினால் சரிவராது.

வைப்புப் பணம், பங்கு, காணி

நிலையான வைப்பின் வட்டியில் 2025 ஏப்ரல் முதல் வங்கி 10 வீதம் பிடிக்கிறது, முன்பு 5 வீதமாக இருந்தது. 25 இலட்சம் வைப்பில் ஆண்டு வட்டி 2 இலட்சம் வந்தால் 20,000 ரூபா அங்கேயே போய்விடும். ஆனால் மொத்த ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர், வரி இலக்கத்தோடு ஒரு சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் வங்கி பிடிக்காது. வயதான அம்மா அப்பாவின் பெயரில் வைப்பு இருந்தால் தயவுசெய்து இதை இந்த வாரமே செய்யுங்கள். ஏற்கெனவே பிடித்துவிட்டால் வங்கியிடம் சான்றிதழ் வாங்கி, விபரத்திரட்டில் காட்டிக் கழிக்கவோ திரும்பக் கேட்கவோ முடியும்.

தனிநபரின் முதலீட்டு வருமானம் கைக்கு வந்த ஆண்டில்தான் கணக்கிடப்படுகிறது. இந்த ஆண்டு உங்கள் வருமானம் வழக்கத்தைவிடக் கூட என்றால், மார்ச்சில் புதிதாக வைப்பிடும்போது வட்டி ஏப்ரல் 1க்குப் பிறகு விழுகிற தவணையாகப் பார்த்து எடுக்கலாம். கணவன், மனைவி தனித்தனியாக வரி செலுத்துபவர்கள், இருவருக்கும் தனித்தனி 18 இலட்சம் உண்டு. ஆனால் காசின் உரிமையை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றி வருமானத்தைப் பிரிப்பதை மறுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பங்குகள் பற்றிச் சுருக்கமாக: கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்கை விற்ற இலாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. பங்கிலாபத்தில் பிடிக்கும் 15 வீதம் இறுதி வரி, அதற்கு மேல் கட்ட வேண்டியதில்லை.

காணி விற்றால் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி, 30 நாளுக்குள் விபரத்திரட்டும் பணமும் கொடுக்க வேண்டும். நவம்பர் வரை காத்திருக்கிற விசயம் அல்ல, 18 இலட்ச நிவாரணமும் இதற்குப் பொருந்தாது. வன்னியில் பலரிடம் பழைய உறுதியோ வாங்கிய விலைக்கான ஆதாரமோ இல்லை, இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டன. 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே உங்களிடம் இருந்த சொத்து என்றால் அன்றைய சந்தைப் பெறுமதியையே அடக்க விலையாக எடுக்கலாம். தகுதிபெற்ற மதிப்பீட்டாளரிடம் அந்தத் திகதிக்கு அறிக்கை எடுங்கள். அதற்குக் கொடுக்கிற கட்டணம் வீண் போகாது. குறைந்தது மூன்று வருடம் உரிமையாக வைத்து இரண்டு வருடம் வாழ்ந்த சொந்த வீட்டுக்கு விலக்கு உண்டு.

கடை அறை வாடகைக்கு விட்டிருந்தால், திருத்தம் பராமரிப்புக்கென்று வாடகையில் 25 வீதம் கழிவாகக் கிடைக்கும். மாதம் ஓர் இலட்சத்தைத் தாண்டிய வாடகையில் 10 வீதம் பிடிக்கப்பட்டிருந்தால் அதற்கும் சான்றிதழ் கேளுங்கள்.

வற் எல்லை: விற்பனையைப் பாருங்கள், இலாபத்தை அல்ல

வற் எனும் பெறுமதி சேர் வரிக்கும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரிக்கும் பதிவுசெய்யும் எல்லை 2024 முதல் ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா விற்பனையாக இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அதை 36 மில்லியனுக்கு இறக்குவதாக 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். 36 மில்லியன் என்றால் நாள் விற்பனை ஏறக்குறைய ஓர் இலட்சம் ரூபா. ஏ9 வீதியோரம் ஓமந்தையில் இருந்து பரந்தன் வரை இந்த அளவுக்கு விற்கிற இரும்புக்கடைகளும் மொத்தக் கடைகளும் இருக்கின்றன, நூற்றுக்கு மூன்று நான்கு ரூபா இலாபம் வைத்து விற்பவர்கள்கூட. இலாபம் சிறிது என்பது இங்கே செல்லாது. காலாண்டு விற்பனையைக் கூட்டிப் பார்த்து, கிட்ட நின்றால் இப்போதே கணக்காளரோடு பேசுங்கள். எந்தப் பொருளுக்கு வற் விலக்கு, எதற்கு இல்லை என்று விற்பனையைப் பிரித்து எழுதத் தொடங்குவதுதான் முதல் வேலை.

மார்ச் முடிந்த பிறகு

தவணை வரிக்கு நான்கு திகதிகள்: ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, பிறகு ஆண்டு முடிந்து மே 15. முதல் மூன்றையும் குறைத்துக் கட்டியிருந்தால் மே 15இல் ஈடுசெய்யுங்கள். மீதி செப்டெம்பர் 30க்குள், விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். பிந்தினால் தண்டப்பணத்தோடு மாதம் 1.5 வீத வட்டியும் ஏறும், ஆகவே முழுத் தொகை கையில் இல்லாவிட்டாலும் இருக்கிறதைக் கட்டுங்கள். நட்டமான ஆண்டிலும் விபரத்திரட்டுக் கொடுங்கள். வியாபார நட்டத்தை அடுத்த ஆறு ஆண்டுகளுக்குக் கொண்டுபோய்க் கழிக்கலாம், வெள்ளம் வந்து போன ஆண்டின் நட்டத்தை எழுதாமல் விட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வரி இலக்கம் இன்னும் எடுக்காதவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எடுக்கலாம். சந்தேகம் என்றால் 1944க்கு அழைத்துத் தமிழில் கேளுங்கள்.

கணக்காளரிடம் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: மார்ச் 31 சரக்குப் பட்டியல் இருவர் கையொப்பத்தோடு, கொள்வனவுத் துண்டுப் புத்தகங்கள், எல்லா வங்கிக் கணக்குகளின் 12 மாதக் கூற்றுகளும், கடன் வட்டிக் கடிதம், அடகுச் சீட்டுகள், பிடித்த வரிச் சான்றிதழ்கள், வாங்கிய இயந்திரங்களின் பில்கள், சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டுகள். ஏப்ரல் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள். நவம்பரில் எல்லாரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள், அப்போது உங்கள் கோப்பை ஒருவராலும் பொறுமையாகப் பார்க்க முடியாது. விபரத்திரட்டு அனுப்பியதும் வரும் ஒப்புகையை அச்செடுத்து அதே கோப்பில் வைத்து, ஆண்டை வெளியே பெரிதாக எழுதி, ஐந்து வருடத்துக்குக் கறையான் எட்டாத இடத்தில் வையுங்கள்.